ஸ்டூடன்ட் லேப்டாப் என்னும் பகல் கொள்ளை

ரொம்ப நாளாக வயிற்றெரிச்சலோடு அடக்கி வைத்திருந்த மேட்டர் இது. போன வாரம் பக்கத்து வீட்டுத் தம்பி ஒருத்தன் வந்து கிளறிவிட்டுவிட்டான். தனியார் பாலிடெக்னிக்கில் முதல் வருஷம் படிக்கிறான். "யக்கா, இருபத்திரெண்டாயிரத்துக்குப் புது லேப்டாப் ஆஃபர்ல வருது. ஸ்டூடன்ட் லேப்டாப்பாம். எங்க நைனா டியூல எடுத்துத் தர்றேன்னு சொல்ட்டாரு. எடுத்துடட்டா?" என்று போனை நீட்டினான்.

பார்த்தேன். வெள்ளி நிறத்தில் ஒல்லியாக, பளபளவென்று ஒரு டப்பா. கீழே பொடி எழுத்தில் 4 ஜிபி ராம், 64 ஜிபி இஎம்எம்சி. எனக்கு அடிவயிற்றில் இருந்து கோபம் வந்தது. பாவம், அவன் என்ன பண்ணுவான். அவனைத் திட்ட முடியாது. அதனால் மிச்ச எல்லாரையும் இங்கே திட்டப் போகிறேன்.

முதலில் என் கதை. 2023 ஜூலையில் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்ந்தபோது அச்சு அசலாக இதே மாதிரி ஒன்றைத்தான் எங்கள் அப்பா வாங்கித் தந்தார். கம்பெனி பெயர் வேண்டாம், எல்லாக் கம்பெனியும் இந்தச் சரக்கை விற்கிறது, ஒருத்தனை மட்டும் சொல்லி என்ன புண்ணியம். அப்பா ட்ரெய்லர் ஓட்டுகிறார். எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் ஹார்பர் கேட்டுக்காக வரிசை கட்டி நிற்குமே, அதில் ஒரு லாரியில் அவர் இருப்பார். சில நாள் ராத்திரி முழுக்க வண்டியிலேயே. மாசம் 1,900 ரூபாய், பன்னிரண்டு மாசம் டியூ. மொத்தம் 22,800. ப்ராசஸிங் ஃபீஸ் தனி. வட்டி ஜீரோ என்று போர்டில் பெரிதாக எழுதியிருந்தார்கள், அந்த ஃபீஸ் மட்டும் பில்லில் சின்னதாக இருந்தது.

கடையில் டை கட்டிய ஒருத்தர் சொன்னது அப்படியே ஞாபகம் இருக்கிறது. "படிக்கிற பொண்ணுக்குத்தானே சார், இது போதும்." அப்பாவுக்கு அது நியாயமாகப் பட்டது. எனக்கும்தான். புது லேப்டாப் வருகிற சந்தோஷத்தில் யாருக்கு யோசிக்கத் தோன்றும்?

அந்தப் "போதும்" என்கிற வார்த்தையோடுதான் என் சண்டை.

விஷயம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன், தெரிந்தவர்கள் இந்தப் பாராவைத் தாண்டிப் போங்கள். உள்ளே இருந்த ப்ராசஸர் செலரான் என்4020. இரண்டே கோர். 2019 கடைசியில் வந்த சரக்கை எனக்கு 2023-ல் "லேட்டஸ்ட்" என்று விற்றார்கள். 64 ஜிபி என்று போட்டிருக்கிறதே, அது விண்டோஸில் காட்டும்போது 58 சொச்சம்தான். அதில் விண்டோஸும் அதன் பரிவாரங்களும் பாதியை எடுத்துக்கொள்ளும். அடுத்து அப்டேட் வரும். வந்து, இடம் போதவில்லை என்று நிற்கும். 4 ஜிபி ராமில் விண்டோஸ் 11 உட்கார்ந்த பிறகு மிச்சம் இருப்பதில் ப்ரௌசரில் நாலு டேப் திறந்தால் முடிந்தது. ராம் போதாதபோது கம்ப்யூட்டர் ஸ்டோரேஜையே ராம் மாதிரி கடன் வாங்கிப் பயன்படுத்தும். அந்த ஸ்டோரேஜ் இஎம்எம்சி. செல்போனில், கேமரா கார்டில் இருக்கும் ஜாதி. படிக்கும்போது எழுத முடியாது, எழுதும்போது படிக்க முடியாது, ஒரே கதவு உள்ள டவுன் பஸ் மாதிரி. அதன் மேல் ராத்திரி பகலாக இப்படி எழுதி எழுதி அழித்தால் அது சீக்கிரம் தேயும். அதாவது மெதுவாக இருப்பது மட்டும் பிரச்சினை இல்லை. மெதுவாக இருக்கும்போதே தன்னைத் தானே தின்றுகொண்டும் இருக்கிறது.

மைக்ரோசாஃப்ட் என்ன சொல்கிறது? விண்டோஸ் 11-க்குக் குறைந்தபட்சம் 4 ஜிபி ராம், 64 ஜிபி இடம் வேண்டும் என்கிறது. கவனித்தீர்களா? குறைந்தபட்சம் எவ்வளவோ, சரியாக அவ்வளவுதான் வைத்து விற்கிறார்கள். ஒரு பொட்டு கூடக் கிடையாது. லாரியில் டயர் நூல் தெரியாமல் இருந்தால் போதும் என்று எஃப்.சி. எடுக்கிற கதை. (அப்பா உதாரணம் இது, ஹிஹி.)

காலேஜில் மூன்றாவது செமஸ்டரில் மொபைல் ஆப் லேப். ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ ஓட வேண்டும். அதற்குக் கூகுள் கேட்பது குறைந்தது 8 ஜிபி ராம். என்னிடம் இருப்பது நாலு. சரி, ராம் கூட்டலாம் என்று ரிச்சி தெருவுக்கு எடுத்துப் போனேன். கடைக்கார அண்ணா பின்பக்கத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டு சிரித்தார். "ஏம்மா, எல்லாத்தையும் போர்டுலயே சால்டர் பண்ணிக்கீறான். இதுல மாத்தறதுக்கு ஸ்க்ரூ மட்டும்தான் இருக்கு."

ராம் ஸ்லாட் இல்லை. ஸ்டோரேஜை மாற்ற வழி இல்லை. வேண்டுமென்று கட்டிய வீட்டுக்கு ஜன்னல் வைக்காமல் விட்ட மாதிரி.

அப்புறம் நடந்தது நீங்கள் எதிர்பார்ப்பதுதான். 2024 செப்டம்பரில், வாங்கிப் பதினாலாவது மாசம், டியூ முடிந்து இரண்டாவது மாசம், வாரண்டி முடிந்தும் இரண்டாவது மாசம் (எல்லாம் ஒரே தேதியில் முடிகிற மாதிரி யார் ஜாதகம் எழுதுகிறார்களோ), ஒரு நாள் ஆன் பண்ணினால் கறுப்புத் திரை. ஸ்டோரேஜ் சிப் போய்விட்டது. லேப் ரெக்கார்டு, பாதி எழுதிய ப்ராஜெக்ட், அம்மாவின் அறுபது எழுபது போட்டோ, எல்லாம் அதோடு போச்சு. பேக்கப் எடுக்கவில்லையா என்று கேட்காதீர்கள். எடுக்கவில்லை. என் தப்புதான். ஆனால் சாதாரண ஹார்டு டிஸ்க்கோ எஸ்எஸ்டியோ என்றால் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டியாவது பார்த்திருக்கலாம். போர்டில் ஒட்டிய சிப்பை என்ன செய்வது? சர்வீஸ் சென்டரில் மதர்போர்டையே மாற்ற வேண்டும், பதினாலாயிரம் ஆகும் என்றார்கள். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

கணக்குப் போடுங்கள். 22,800-ஐ பதினாலால் வகுத்தால் மாசம் 1,600 ரூபாய்க்கு மேல். ஒரு லட்ச ரூபாய் லேப்டாப்பை ஆறு வருஷம் வைத்திருக்கிற பணக்காரப் பையனுக்கு மாசம் 1,400-க்குக் கீழே. இந்த அநியாயத்துக்குப் பெயர் மலிவு விலை! இதில் சர்க்கார் பங்கும் உண்டு. ஜிஎஸ்டி 18 சதவீதம். ட்ரெய்லர் டிரைவர் மகள் வாங்கினாலும் அதே 18, பெரிய கம்பெனி முதலாளி வாங்கினாலும் அதே 18. முதலாளி கம்பெனிப் பெயரில் வாங்கினால் அந்த வரியைத் திரும்ப எடுத்துக்கொள்வார். எங்கள் 22,800-ல் சுமார் 3,500 ரூபாய் வரியாகப் போனது போனதுதான்.

இப்போது "போதும்" என்பவர்களின் சரித்திரத்துக்கு வருவோம். இது ஏதோ ஷோரூம் டை கட்டியவர் கண்டுபிடித்த வார்த்தை இல்லை. 2005-ல் நிக்கோலஸ் நெக்ரோபான்டே என்கிற அமெரிக்கப் பேராசிரியர் ஏழை நாட்டுப் பிள்ளைகளுக்கு நூறு டாலர் லேப்டாப் என்று டாவோஸில் அறிவித்தார். 2007-ல் வெளியே வந்தபோது விலை கிட்டத்தட்ட இருநூறு டாலர். இந்தியா 2006-லேயே வேண்டாம் என்று சொல்லிவிட்டது. சொல்லிவிட்டு நாம் என்ன செய்தோம்? 2009 பிப்ரவரியில் திருப்பதியில் மத்திய அரசு பத்து டாலர் லேப்டாப் என்று ஒன்றைக் காட்டியது. ஊரே கூடிப் பார்த்தால் அது லேப்டாப்பே இல்லை, தகவல் சேமிக்கிற ஒரு டப்பா. ஏழுமலையானுக்கே வெளிச்சம். பிறகு 2011 அக்டோபர் 5 அன்று ஆகாஷ் டேப்லெட். 366 மெகாஹெர்ட்ஸ் ப்ராசஸர், 256 எம்பி ராம், அழுத்தி அழுத்திக் குத்தினால்தான் கேட்கும் திரை. இரண்டாயிரத்து சில்லறை ரூபாய். அதை வைத்து எந்தப் பிள்ளை ப்ரோக்ராம் எழுதியது என்று தெரிந்தால் சொல்லுங்கள், நான் வந்து மாலை போடுகிறேன்.

இந்த எல்லா மகானுபாவர்களும் முதலில் விலையை முடிவு செய்தார்கள், அப்புறம் அந்த விலைக்குள் எது அடங்குமோ அதை ஏழைக்குப் போதும் என்றார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் மேஜையில் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை.

இங்கேதான் ஒரு வேடிக்கை. ஆகாஷ் வருவதற்கு இருபதே நாள் முன்னால், 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாளில், திருவள்ளூர் மாவட்டத்தில் ஜெயலலிதா விலையில்லா லேப்டாப் திட்டத்தைத் தொடங்கினார். எல்காட் மூலமாகக் கொள்முதல். அரசு, அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரிப் பிள்ளைகளுக்கு. பொம்மை இல்லை, முழு லேப்டாப். 14 இன்ச் திரை, ஹார்டு டிஸ்க், விண்டோஸ், கூடவே நம்ம ஊர் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ். அப்போது என்னென்ன நக்கல்! ஓசி லேப்டாப், ஓட்டு லேப்டாப், படம் பார்க்கத்தான் லாயக்கு, வித்துத் தின்னுடுவானுங்க. பையில் முதலமைச்சர் படம் போட்டதெல்லாம் எனக்கும் பிடிக்காது, அது வேறு சண்டை. ஆனால் அதற்குப் பிந்தைய எட்டு, ஒன்பது வருஷத்தில் 50 லட்சத்துக்கும் மேல் கொடுத்தார்கள். திருவொற்றியூரில், ராயபுரத்தில், எங்கள் மாதிரி எத்தனையோ வீடுகளில் முதல் கம்ப்யூட்டர் அதுதான்.

எங்கள் வீட்டிலும். அண்ணனுக்கு 2014-ல் வந்தது. அண்ணன் அதில் டேலி கற்றுக்கொண்டு ஒரு ஷிப்பிங் ஆபீஸில் வேலைக்குப் போனான். என் டப்பா செத்துப்போன வாரம், பரண் மேல் கிடந்த அதை இறக்கினோம். பின்னால் நாலு ஸ்க்ரூ. கழற்றினால் ராம் ஸ்லாட் தெரிகிறது. ஹார்டு டிஸ்க்கை உருவினேன், 240 ஜிபி எஸ்எஸ்டி மாட்டினேன், ராம் இரண்டிலிருந்து நாலாக்கினேன், லினக்ஸ் மின்ட் போட்டேன். இரண்டாயிரத்துச் சொச்சம் செலவு. பேட்டரி சுத்தமாக இல்லை, சார்ஜரை உருவினால் அணைந்துவிடும். ஆனால் ஓடியது. பத்து வயசு ஓசி லேப்டாப் ஓடுகிறது, ஒரு வயசு துட்டு லேப்டாப் குப்பையில். அந்தச் செமஸ்டரின் பைத்தான் லேப் முழுக்க அதில்தான் எழுதினேன்.

ஏன் ஓடியது? திறக்க முடிந்தது, அவ்வளவுதான். அதுவும் எங்கள் பக்கம் திறக்க முடிவது ஆடம்பரம் இல்லை. எண்ணூர், திருவொற்றியூர், காசிமேடு பக்கம் இருப்பவர்களுக்குத் தெரியும். உப்புக்காற்று. ஜன்னல் கம்பி, சைக்கிள் செயின், டிவி டிஷ், எல்லாம் துருப்பிடிக்கும். யுஎஸ்பி ஓட்டைக்குள்ளும் பிடிக்கும். அதோடு லாரிப் புழுதி, சாம்பல். காலையில் துடைத்த மேஜையில் சாயங்காலம் விரலால் பெயர் எழுதலாம். ஆறு மாசத்துக்கு ஒரு தரம் திறந்து ஃபேனைத் தூசி தட்டாவிட்டால் லேப்டாப் இஸ்திரிப் பெட்டி ஆகிவிடும். (நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். அந்த டப்பாவில் ஃபேனே கிடையாது, அதனால் தூசி அடைக்கும் பிரச்சினையும் கிடையாது. அது ஒன்றுதான் அதன் நல்ல குணம்.)

பிறகு 2024 அக்டோபரில் ரிச்சி தெருவில் செகண்ட் ஹேண்டாக ஒரு திங்க்பேட் டி480 வாங்கினேன். 18,000 ரூபாய். 2018-ல் வந்த மாடல், எட்டாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ராம், 256 எஸ்எஸ்டி. இரண்டு ராம் ஸ்லாட், இரண்டு பேட்டரி, ஒன்றைக் கையால் கழற்றலாம். பெரிய கம்பெனிகள் மூன்று நாலு வருஷத்துக்கு ஒரு தரம் மொத்தமாக மாற்றும்போது வெளியே தள்ளுகிற சரக்கு இது. ஓ.எம்.ஆர். ஏசி ரூமில் எவனோ எக்செல் போட்டுக்கொண்டிருந்த லேப்டாப் இப்போது திருவொற்றியூரில் என் மடியில். போன வருஷ ஆரம்பத்தில் இன்னொரு 8 ஜிபி ராம் போட்டேன், 1,600 ரூபாய். நல்ல வேளை அப்போதே போட்டேன். 2025 கடைசியில் ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்பை எல்லாம் அள்ளிக்கொண்டு போனதில் ராம் விலை எகிறிவிட்டது. அதனால்தான் எனக்குப் பயமாகவே இருக்கிறது, இதைச் சாக்காக வைத்து மறுபடி நாலு ஜிபியை "ஸ்டூடன்ட்" ஸ்டிக்கர் ஒட்டிக் கொண்டுவருவார்கள். அந்தத் தம்பி காட்டியது அதைத்தான்.

"பழசை எவனாவது வாங்குவானா, மானம் போகும்" என்று எங்கள் அத்தை சொன்னார். புது டப்பாவை வாங்கிப் பதினாலு மாசத்தில் தூக்கிப் போட்டால் மானம் போகாதா அத்தை? இன்னொரு கூட்டம் இருக்கிறது, "மொபைலே போதுமே" கூட்டம். மறுபடி அந்தப் போதும்! மொபைலில் வீடியோ பார்க்கலாம். நாற்பது பக்க ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டை மொபைலில் டைப் அடித்துப் பார்த்துவிட்டு வந்து பேசுங்கள். யூட்யூப் விமர்சகர்களுக்குத் தனி மரியாதை. லேப்டாப்பைப் பெட்டியிலிருந்து எடுத்து, தடவிப் பார்த்து, "இந்த விலைக்கு வேற லெவல் ப்ரோ" என்று பத்து நிமிஷத்தில் முடித்துவிடுகிறார்கள். பதினாலாவது மாசம் வந்து ஒரு வீடியோ போடுங்கள் ப்ரோ, பார்க்கிறேன்.

ரிச்சி தெருவில் எல்லாரும் உத்தமர்கள் என்று சொல்லவில்லை. ஏழாம் தலைமுறையை "ஐ5, லேட்டஸ்ட்" என்று தலையில் கட்டுவார்கள். விண்டோஸ் 11 முறைப்படி இன்டெலில் எட்டாம் தலைமுறைக்குக் கீழே ஏறாது. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்டின் வழக்கமான சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. குறுக்கு வழியில் 11 ஏற்றி வைத்திருப்பார்கள், ஆறு மாசம் கழித்து அப்டேட் வராதபோதுதான் தெரியும். என் கிளாஸ் பையன் ஒருத்தன் பயாஸ் பாஸ்வேர்டு போட்ட லேப்டாப்பை வாங்கி மாட்டிக்கொண்டான். ஆனால் இந்த ஏமாற்றை எல்லாம் கடையிலேயே அரை மணி நேரம் உட்கார்ந்து கண்டுபிடிக்கலாம். ஷோரூம் ஏமாற்று பெட்டி மேலேயே அச்சடித்து, பில்லோடு, வாரண்டியோடு வருகிறது. அதைப் பிடிக்க எந்த போலீஸும் இல்லை.

அரசாங்கத்துக்கும் ஒரு வார்த்தை. 2025 மார்ச் பட்ஜெட்டில் கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு வருஷத்தில் லேப்டாப் அல்லது டேப்லெட் என்று அறிவித்தார்கள், முதலில் 2,000 கோடி ஒதுக்கினார்கள். 2026 ஜனவரியில் விநியோகம் ஆரம்பமானது. 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி. சந்தோஷம், நிஜமாகவே. நான் சுயநிதிக் கல்லூரி, எனக்கு வரவில்லை, அதில் எனக்குப் பொறாமையும் உண்டு. கேட்பது ஒன்றுதான். டெண்டரில் ராம் எத்தனை ஜிபி என்று எழுதுகிறவர்கள், ராமும் ஸ்டோரேஜும் பேட்டரியும் சாதாரண ஸ்க்ரூ டிரைவரால் கழற்றி மாட்டும்படி இருக்க வேண்டும், உதிரி பாகம் ஐந்து வருஷம் கிடைக்க வேண்டும் என்று இரண்டு வரி சேர்த்தால் என்ன? லட்சக்கணக்கில் வாங்குகிறவன் கேட்டால் எந்தக் கம்பெனியும் செய்யும். நாம் ஒருத்தர் இரண்டு பேர் ஷோரூமில் கேட்டால் சிரிப்பார்கள். கேட்டிருக்கிறேன், சிரித்தார்கள்.

சரி, அந்தத் தம்பிக்கு வருகிறேன். அவனுக்கு இதையெல்லாம் சொன்னதும் முகம் தொங்கிப்போச்சு. "அப்போ புதுசு இல்லியா யக்கா?" என்றான். இல்லைடா என்றேன். அவன் நைனாவிடம் நான் பேச வேண்டுமாம். பேசினேன். "ஏம்மா, பழச வாங்கி ரிப்பேராச்சுன்னா யாரு பாக்கறது?" என்றார். ஸ்க்ரூ டிரைவரைக் காட்டினேன். நம்பவில்லை. என் திங்க்பேடைக் கவிழ்த்து அவர் எதிரிலேயே திறந்து, ராமைக் கழற்றி, திரும்ப மாட்டி, ஆன் பண்ணிக் காட்டினேன். அவர் ஹார்பரில் ஃபோர்க்லிஃப்ட் மெக்கானிக். கொஞ்ச நேரம் உள்ளே உற்றுப் பார்த்துவிட்டு, "இது வண்டி மாரி கீது" என்றார்.

சனிக்கிழமை மூணு பேரும் போகிறோம். (ஞாயிறு ரிச்சி தெருவில் பெரும்பாலும் ஷட்டர் மூடிக் கிடக்கும், யாரும் போய் ஏமாறாதீர்கள்.) விம்கோ நகரில் மெட்ரோ ஏறினால் மாறாமல் கவர்ன்மென்ட் எஸ்டேட்டில் இறங்கிக்கொள்ளலாம். கையில் இருபதாயிரம், டியூ கிடையாது.

பி.கு.: போகிறவர்கள் ஒரு பென் டிரைவில் லினக்ஸ் மின்ட் எடுத்துப் போங்கள். அதில் பூட் பண்ணிப் பார்த்தால் கடைக்காரர் விண்டோஸில் எதை மறைத்தாலும் தெரிந்துவிடும். பயாஸுக்குள் போய்ப் பாஸ்வேர்டு கேட்கிறதா பாருங்கள். பேட்டரி ஒரிஜினலாக எவ்வளவு தாங்கியது, இப்போது எவ்வளவு என்று கேட்டு வாங்குங்கள், பாதிக்குக் கீழே என்றால் ஆயிரம் ஐநூறு குறைக்கச் சொல்லுங்கள். கீபோர்டில் ஒவ்வொரு எழுத்தையும் தட்டுங்கள். மூடித் திறக்கும்போது ஹிஞ்ச் கிறீச்சிட்டால் எழுந்து வந்துவிடுங்கள், எதிர்க்கடையிலும் அதே மாடல் இருக்கும்.